டிஸ்கஸ் மீனுக்கு நோய் வந்தால்...
(தோட்ட இளைஞர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கொழும்பு முகத்துவாரத்தில் வேலை செய்கிற நம்ம தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்க அண்மையில் போயிருந்தோம். களனி கங்கை கடலில் விழுகிற இடம் அது. அவர்கள் தங்கியிருந்த அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் தட்டு மாதிரி வட்டமான டிஸ்கஸ் மீன்கள். குஞ்சு பொரிக்க வைத்து விற்கலாமென்று ஒரு தம்பி சேமித்த சம்பளத்தில் வாங்கியவை. எட்டில் ஐந்து செத்துப்போச்சு. மிச்சம் மூன்றும் கறுத்து மூலையில் நின்றன. "ஊருக்குக் கொண்டுவந்து வளர்க்கலாம்னு இருந்தேங்க" என்று சொன்னபோது தம்பிக்குக் கண் கலங்கியது. நம்ம லயங்களிலும் சிலர் மீன் வளர்ப்பதால், இன்றைக்கு இதைப் பேசுகிறோம்.

டிஸ்கஸ் அமேசன் ஆற்று மீன். 28 முதல் 30 பாகை வரை வெப்பம் வேண்டும். தாயும் தகப்பனும் தங்கள் உடம்பில் ஊறும் வழுவழுப்பையே குஞ்சுக்கு ஊட்டும். ஆகவே பெரிய மீனுக்கு நோய் வந்தால் குஞ்சும் போய்விடும்.

முதல் அடையாளம் எல்லா நோய்க்கும் ஒன்றுதான்: நிறம் கறுக்கும், சாப்பிடாது, ஒதுங்கி நிற்கும். உடனே மருந்து ஊற்றாதீர்கள். முதலில் தண்ணியைப் பாருங்கள். கழிவு சேர்ந்தால் அமோனியா உண்டாகி மீனை வாட்டும். கால்வாசித் தண்ணியை மாற்றுங்கள். கொழும்புக் குழாய்த் தண்ணியில் குளோரின் உண்டு. ஒரு நாள் காற்று அடிக்க விட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

அதற்கும் சரிவராவிட்டால் இவற்றைக் கவனியுங்கள்.

வெள்ளையாக நூல் போலக் கழிவு, தலையில் சிறு குழிகள்: குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். மெட்ரோனிடசோல்தான் இதற்கு வழக்கமான மருந்து. 40 லீட்டருக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராம் கரைப்பார்கள். எத்தனை நாளென்று மிருக வைத்தியரைக் கேளுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் வயிற்றுக்குத் தந்த குளிசையை மீனுக்குப் போடக்கூடாது. அது நோயாளிக்கு உரியது.

வேகமாக மூச்சு, ஒரு பக்கச் செவுளை மூடிக்கொள்ளல், உடம்பை உரசுதல்: செவுள் புழு. இதற்கு பிராசிகுவாண்டல்.

உப்புத்தூள் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி: வெப்பத்தை மெதுவாக 31, 32 பாகைக்கு ஏற்றி, காற்றைக் கூட்டுங்கள். புள்ளி மறைந்தாலும் உடனே நிறுத்தாதீர்கள். ஒட்டுண்ணி மீனை விட்டுத் தண்ணியில் நீந்தும்போதுதான் சாகும்.

செட்டை கரைந்து கிழிதல்: அனேகமாக அழுக்குத் தண்ணியால் வருவது.

அந்தத் தம்பியிடம் விசாரித்தோம். கடையில் வாங்கிய புது மீனை அன்றைக்கே பழைய மீன்களோடு விட்டிருக்கிறார். வலையும் ஒன்றுதான். புது மீனை மூன்று, நான்கு வாரம் வேறு தொட்டியில், வேறு வலையோடு வைத்திருந்தால் இந்த நட்டம் வந்திருக்காது. வெள்ளைக் கழிவு கண்ட மூன்று மீனுக்கும் வைத்தியம் பார்த்தார். இரண்டு தின்னத் தொடங்கிவிட்டன. ஒன்று போய்விட்டது.

நம்ம மலைநாட்டுக்கு இன்னொரு சங்கதி. ஊற்றுத் தண்ணி டிஸ்கஸுக்கு ஏற்ற மென்மையான தண்ணிதான், ஆனால் குளிர். இரவும் பகலும் ஹீட்டர் வேண்டும். மின்சாரச் செலவைக் கணக்குப் பாருங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். கையில் புண் இருந்தால் கை விடவே வேண்டாம். நோய்த் தண்ணியையும் மீனையும் ஓடையில் விடாதீர்கள், கீழே உள்ளவர்கள் குடிக்கிற தண்ணி அது.

முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே மட்டக்குளி காக்கைத் தீவில் நாரா நிறுவனம் இருக்கிறது. மீன் வளர்ப்புக்கென்று 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நக்டா அதிகாரசபையும் உண்டு. விசாரித்துப் படித்துக்கொண்டு இறங்குங்கள். சேமலாப நிதியை எடுத்து ஒரேயடியாகப் போடாதீர்கள். முதலில் கப்பி வளர்த்துக் கை பழகட்டும். டிஸ்கஸ் பிறகு பார்க்கலாம்.