சங்கம் ஊருக்குள் வந்த கதை



இன்றைக்குத் தெலங்கானா உழவர்களின் ஆயுதப் போராட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 1946-ல் மூண்டு, 1951 அக்டோபரில் முடிந்த போராட்டம். கம்யூனிஸ்ட் கட்சி நடத்திய கிளர்ச்சி என்று பாடப்புத்தகம் சொல்லும். அது சரிதான். ஆனால் நான் நாட்டார் கலைகளைத் தேடி அலைகிறவன். மூன்று பேர் மேடையேறிக் கதை சொல்லிச் சொல்லி வளர்த்த போராட்டமாகத்தான் எனக்கு அது தெரிகிறது. அந்த மேடைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் நிலக்கணக்கு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெலங்கானா அப்போது அடங்கியிருந்த ஹைதராபாத் சமஸ்தானத்தில் பத்தில் நான்கு பங்கு நிலம் மன்னர் நிஜாமின் சொந்தப் பண்ணையாகவும் ஜாகீர்தார்களின் உடைமையாகவும் இருந்தது. மீதியிருந்த சர்க்கார் நிலத்திலும் குடியானவன் நிம்மதியாக உழுதுவிடவில்லை. பரம்பரையாக வரி தண்டிவந்த தேஷ்முக்குகள், நில அளவை வந்தபோது நல்ல நிலத்தையெல்லாம் தங்கள் பெயரில் ஏற்றிக்கொண்டார்கள். விஸ்நூர் தேஷ்முக் ஒருவருக்கே 40,000 ஏக்கர், அறுபது கிராமங்கள் என்று சொல்வார்கள். ஊரார் வாயில் அவர் 'தொர'. மதில் சூழ்ந்த அவர் மாளிகைக்குக் 'கடீ' என்று பேர்.

நல்கொண்டா பக்கம் ஒரு கிராமத்தில், பாட்டி ஒருத்தியின் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, கட்சி எப்போது வந்தது, யார் வந்து பேசினார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டி அதற்கெல்லாம் பிடி கொடுக்கவில்லை. தெருவைக் காட்டி வீடு வீடாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இது குயவர் வீடு, கடீக்குச் சட்டிபானை கொடுக்கணும். அது செருப்புத் தைக்கிறவர் வீடு, கிணற்றுக் கவலைக்குத் தோலும் அவர்தான். வண்ணார் துணி வெளுக்கணும். கள்ளிறக்குகிறவர் தொரைக்கென்று தனியாக மரம் விடணும். ஆட்டுக்காரர் மந்தையிலிருந்து ஆடு கொடுக்கணும். அதிகாரி முகாம் போட்டால் மளிகைக்காரர் அரிசி பருப்பு அனுப்பணும். தொரையின் வண்டிக்கு முன்னால் ஓடுவதற்கும் ஒரு வீடு உண்டு. எல்லாம் வெட்டி ஊழியம், கூலி கிடையாது. தொர வீட்டுப் பெண் புகுந்த வீடு போகும்போது சீதனத்தோடு ஊர்ப்பெண்களையும் அடிமைகளாக அனுப்பிவைத்தார்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் பாட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மளிகைக்காரரும் ஆட்டுக்காரரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. கையில் நாலு காசு இருந்தவர்கள். வெட்டி அவர்களையும் விடவில்லை. வறுமை மட்டும்தான் காரணமென்றால், கடனுக்காகத் தகப்பனும் மகனும் தலைமுறையாக உழைத்துக் கழித்த பண்ணைக் கூலிகளோடு சங்கம் நின்றுபோயிருக்கும். ஊரே திரண்டது என்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் தொரையோடு ஒரு கணக்கு பாக்கி இருந்ததால்தான். உலகப்போர்க் காலத்தில் சர்க்கார் கட்டாய நெல் கொள்முதல் வேறு கொண்டுவந்தது. பெரிய களஞ்சியங்கள் தப்பித்துக்கொள்ள, சின்னக் குடியானவன் வீட்டுக் குதிரைத்தான் துழாவினார்கள்.

சங்கம் என்றேனே, அது ஆந்திர மகாசபை. 1930-ல் தெலுங்கு மொழிக்கும் கல்விக்குமாகப் படித்தவர்கள் கூடிய அமைப்பு. நாற்பதுகளின் நடுவில் கம்யூனிஸ்டுகள் கைக்கு வந்ததும் ஊருக்குள் இறங்கியது. எழுத்தறியாத ஊரில் துண்டுப்பிரசுரத்தை யார் படிப்பது? இங்கேதான் நேயர்களே, என் புர்ரகதா வருகிறது.

நம்முடைய வில்லுப்பாட்டைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் ருசி சட்டென்று பிடிபடும். நடுவில் கதைசொல்லி, தோளில் தம்புரா, விரலில் உலோக வளையம், காலில் சலங்கை. இரண்டு பக்கமும் குடம் போன்ற சிறு முழவோடு ஒவ்வொருவர். ஒருவர் விகடம் பேசுவார். இன்னொருவர் நாட்டு நடப்பு பேசுவார். 'ராஜகீயம்' என்றே அந்த வேஷத்துக்குப் பெயர். அரசியல் பேசுவதற்கென்றே ஓர் ஆளை மேடையில் நிறுத்தியிருக்கும் கலை இது. குண்டூர் மாவட்டத்துப் பொன்னேகல்லில் பிறந்த ஷேக் நாசர் இதைக் கையில் எடுத்தபோது, பிரஜா நாட்டிய மண்டலி என்ற இடதுசாரிக் கலைக்குழுவுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைத்திருக்காது. பின்னாளில், 1986-ல், நாசருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

விகட வேஷம் கட்டிய முதியவர் ஒருவரிடம் தொழில் ரகசியம் கேட்டேன். "கதைசொல்லி பழைய பல்நாட்டுச் சண்டையைத்தான் பாடுவார், போலீஸ்காரனும் உட்கார்ந்து ரசிப்பான். நடுவில் நான் குறுக்கிட்டு, அண்ணே, ராஜா சண்டைக்குப் போய்விட்டாரே, அந்த ஊரில் நாற்று நட்டது யார், கூலி கொடுத்தார்களா என்று கேட்பேன். ஜனம் சிரிக்கும். சிரிப்பை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?" என்றார். கடைசியில் பிடிக்கத்தான் செய்தார்கள். புர்ரகதாவுக்குத் தடை வந்தது. நம் சென்னை மாகாண அரசும் 'மா பூமி' நாடகத்தைத் தடை செய்தது. ஷேக் பந்தகி என்ற ஏழை முஸ்லிம் விவசாயி விஸ்நூர் தேஷ்முக்கை எதிர்த்து வழக்காடி ஜெயித்தார். பிறகு வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் கதையிலிருந்து பிறந்த நாடகம் அது. இந்துவா முஸ்லிமா என்று பார்த்து நடந்த சண்டையில்லை இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சுத்தால ஹனுமந்து என்ற பாட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் தெலங்கானா நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். மாடு மேய்க்கும் பண்ணைச் சிறுவனைப் பார்த்து அவர் எழுதிய பாட்டு, கௌதம் கோஷ் எடுத்த 'மா பூமி' படத்திலும் வந்தது. கிடைத்தால் கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வேகமாகப் போகிறேன். பாலகுர்த்தியில் சாகலி ஐலம்மா என்ற வண்ணாரப் பெண் குத்தகைக்கு எடுத்த நான்கு ஏக்கரில் விளைந்ததை அறுத்துப்போக விஸ்நூர் தேஷ்முக் ஆள் அனுப்பினார். சங்கத்துத் தொண்டர்கள் தாங்களே அறுத்து, ஐலம்மா வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்று ஹைதராபாத்தில் அவர் பெயரில் பெண்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1946 ஜூலை 4-ல் கடவெண்டியில் ஊர்வலத்தின் மீது தேஷ்முக்கின் ஆட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா இறந்தார். ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளை. அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. அதுவரை ஊரார் கையில் இருந்தவை தடியும் கவணும் மிளகாய்ப் பொடியும்தான். துப்பாக்கி எடுக்கும்படி கட்சி அழைத்தது 1947 செப்டம்பரில். அப்போது நிஜாமின் பக்கம் நின்ற ரசாக்கர் படை கிராமங்களைக் கொளுத்திக்கொண்டிருந்தது. சுமார் 3,000 கிராமங்களில் சங்கத்தின் ஆட்சி நடந்தது, 10 லட்சம் ஏக்கர் பிரித்துக் கொடுக்கப்பட்டது என்று போராட்டத்தை வழிநடத்திய சுந்தரய்யா எழுதியிருக்கிறார்.

இந்தியாவோடு சேராமல் இருந்த நிஜாமின் மீது 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் வந்தது. நிஜாம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ராணுவத்தின் பின்னாலேயே தொரைகளும் கடீக்குத் திரும்பினார்கள். சண்டையை நிறுத்துவதா, தொடர்வதா என்று கட்சிக்குள் பிளவு. நிறுத்தச் சொன்ன ரவி நாராயண் ரெட்டியின் பக்கம்தான் நான். போராளிகள் காட்டுக்குள் போன மூன்றாண்டுகளில் கோயா பழங்குடி மக்கள் பட்ட பாட்டைப் பிறகு கேட்டதால் அப்படி நினைக்கிறேன். அந்தக் காலத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. 1952 தேர்தலில் அதே ரவி நாராயண் ரெட்டி நேருவைவிட அதிக வாக்கு வாங்கி ஜெயித்தார்.

குத்தகைச் சட்டம் 1950-ல் வந்தது. 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் வினோபா பாவே முன்னிலையில் 100 ஏக்கர் தானமாகக் கிடைத்து, பூதானம் என்ற நிலதான இயக்கம் பிறந்தது. ஆனாலும் 1978-ல் ஜகித்யால் பக்கத்து விவசாயிகள் திரும்பவும் வெட்டியை எதிர்த்துத்தான் ஊர்வலம் போனார்கள். சில வாரங்களிலேயே ஜகித்யாலும் சிரிசில்லாவும் கலவரப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்டன. நக்சல் இயக்கம் அங்கே வேரூன்றியது எதனால் என்று என்னைக் கேட்பவர்களுக்கு, இடையில் போன அந்த இருபத்தேழு வருஷத்தைத்தான் காட்டுவேன்.

நம் பக்கத்திலும், 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, கோட்டையில் இருந்தவர்களுக்குத் தெலங்கானா ஞாபகம் வராமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் காலப் பண்ணையாள் வாழ்க்கையை நேரில் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கைபேசியிலேயே பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். எந்த மரக்காலில் அளந்தார்கள், கூலி எத்தனை படி, நடவில் என்ன பாடினார்கள் என்று கேளுங்கள். பதிவுகளை நம் நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த உரையை அவர்கள் குரலிலேயே நடத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.