உட்கார்ந்தால் வரும் வலி

பாகூர் ஏரிப் பாசனத்து வயல்களில் டிராக்டர் ஓட்டுபவருக்கும், அங்கிருந்து நாள்தோறும் பைக்கில் புதுச்சேரிக்கு வேலைக்குச் சென்று திரும்புபவருக்கும், உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே இடுப்புக்குக் கீழே வலி தொடங்கினால், அது சூடு என்றோ மூலம் என்றோ கருதப்பட்டு, மோரும் களிம்புமாக மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு. அவ்வலிக்கு நரம்பும் காரணமாகலாம். எந்த நரம்பு என்பதை ஸ்கேனுக்கு முன்பே நோயாளியின் பேச்சு பெரிதும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால், வலி புட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை இறங்கும், இதுவே சயாட்டிகா. மல்லாந்து படுத்தவரின் காலை முழங்கால் மடங்காமல் மருத்துவர் உயர்த்தும்போது அதே வலி காலில் ஓடினால் ஐயம் வலுப்படுகிறது. 

எளிதில் தவறவிடப்படுவது புடெண்டல் நரம்பு. முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பிலிருந்து புறப்படும் இது, உட்காரும்போது உடலைத் தாங்கும் எலும்பின் உட்பக்கமாக, ஆல்காக் கால்வாய் என்னும் குறுகிய வழியில் சென்று, ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் உணர்ச்சி தருகிறது. இது அழுந்தினால் வலி அப்பகுதியில் எரிச்சலாக இருப்பதால் பலர் வாய் திறப்பதில்லை. கூச்சமே நோயறிதலின் முதல் தடை. பிரான்சின் நாந்த் நகர மருத்துவர்கள் முன்னின்று, இவ்வலியை இனங்காண 2008இல் வெளியிட்ட அளவுகோல்கள் ஐந்து: வலி அந்நரம்பின் எல்லைக்குள் இருத்தல், முக்கியமாக உட்கார்ந்திருக்கையில் வருதல், இரவில் தூக்கத்தைக் கலைக்காமை, பரிசோதனையில் உணர்ச்சிக் குறைவு தென்படாமை, நரம்பருகே மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டதும் வலி அடங்குதல். ஊசியால் வலி அடங்குவது இடத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தைச் சொல்லிவிடாது.

இவற்றுக்கெல்லாம் துணைநிற்கும் ஓர் எளிய கேள்வி உண்டு: நாற்காலியில் வலிப்பவருக்கு வெஸ்டர்ன் டாய்லெட்டில் அமர்ந்தால் வலி குறைகிறதா? அங்கே நடுப்பகுதி அழுந்தாமல் பாரம் இருபுறமும் பகிரப்படுவதால், ஆம் என்ற பதில் இந்நரம்பை நோக்கிக் கைகாட்டுகிறது. ஸ்கேன் கட்டி முதலிய பிற காரணங்களை விலக்க உதவுமேயன்றி, இந்நரம்பு வலியைத் தானே உறுதிசெய்வதில்லை. ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தவரை வலியில்லாதவர் என்று வீட்டார் நினைப்பது நியாயமன்று.

வால் எலும்பு வலியை விரலால் தொட்டே காட்டிவிடலாம், அது வேறு. ஆனால் உட்காரும் பகுதி மரத்து, சிறுநீர் இறங்காமலோ மலம் கட்டுப்படாமலோ போனால், மறுநாள்வரை காத்திராமல், அன்றே ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.