இன்ஜினில் பிறந்து வழியில் கழியும் சக்தி

மேட்டில் கார் இழுக்கவில்லை என்றால் எல்லோருடைய சந்தேகமும் முதலில் இன்ஜின் மேல்தான் விழும். கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம், நேயர்களே. இன்ஜினில் பிறக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்கு வந்து சேர்வதில்லை.

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 796 சிசி, ஏறக்குறைய 37 குதிரைத்திறன். இது கிராங்க் ஷாஃப்டில் அளந்த கணக்கு. மானுவல் கியர் கார்களில் 10 முதல் 15 சதவீதம் வழியிலேயே போய்விடும் என்பது மெக்கானிக்குகளின் உத்தேசம். 15 என்று வைத்தால், சாலைக்கு வருவது 31 சொச்சம்தான். சின்ன இன்ஜினுக்கு இது பெரிய வெட்டு.

எங்கே போகிறது? அம்பாசடரில் இன்ஜின் முன்னால், இழுக்கும் சக்கரம் பின்னால். நீண்ட புரொப்பலர் ஷாஃப்ட் கொண்டுவரும் சுழற்சியைக் கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்கள் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். அந்தப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுழல்வதால் சூடேறும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பின் ஆக்சில் கொதிப்பது அதனால்தான். மாருதியில் இன்ஜினே குறுக்காகப் படுத்திருப்பதால் அந்தத் திருப்பமே கிடையாது.

கிளட்சுக்கு வருவோம். முழுதாகப் பிடித்துக்கொண்ட கிளட்ச் ஏறக்குறைய எதையும் தின்பதில்லை. பலரும் இதை நம்ப மாட்டார்கள். தின்பது ஹாஃப் கிளட்ச், அதாவது பெடலைப் பாதி விட்ட நிலை. இன்ஜினை ஒரே வேகத்தில் வைத்துக்கொண்டு நின்ற காரைக் கிளப்பினால், இன்ஜின் தரும் சக்தியில் பாதி காரின் வேகமாகிறது. மறுபாதி கிளட்ச் பிளேட்டில் சூடாகிவிடுகிறது. ஓரிரு நொடியில் முடிவதால் பாதகமில்லை. ஆனால் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சிலேயே காரை நிறுத்தி வைத்திருந்தால், அத்தனையும் பிளேட்டுக்குத்தான். கருகல் வாடை வருவது அப்போதுதான்.

தேய்ந்த பிளேட்டைக் கண்டுபிடிப்பது எளிது. காலியான சாலையில் டாப் கியரில் நடுத்தர வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் சரசரவென்று ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அந்தக் காருக்கு இன்ஜின் டியூனிங் செய்வது வீண் செலவு.

விலை உயர்ந்த 'ரேஸிங் கிளட்ச்' மாட்டினால் பவர் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அதிக டார்க்கை வழுக்காமல் பிடிக்கும், அவ்வளவுதான். ஃபார்முலா 1 காரின் கிளட்ச் 100 மில்லிமீட்டர் விட்டம்கூட இருக்காது. சுழலும் எடை குறைந்தால் இன்ஜின் சட்டென்று வேகமெடுக்கும். கிளட்ச் சிறிதாக இருப்பதால் இன்ஜினையும் தாழ்வாகப் பொருத்தலாம். குதிரைத்திறன் அதனால் கூடுவதில்லை.

உங்கள் காருக்கு இரண்டே வேலை: ஓட்டும்போது கிளட்ச் பெடலில் காலை ஊன்றி வைக்காதீர்கள். ஏற்றத்தில் நிற்க ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள்.