ஏரி யாருக்கு? ஈரநிலப் பாதுகாப்பும் உழவர் உரிமையும்

(காஞ்சிபுரம் மாவட்டம், ஐயம்பேட்டையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கிற கூட்டம் இது. அதனால் எல்லா வகுப்புக்கும் பொருந்துகிற ஒரு பொருளைப் பேசலாம் என்று நினைத்தேன்.

‘ஈரநிலங்கள் அழிவதற்கான காரணங்களை எழுதுக’ என்று கேட்டால் நம் பிள்ளைகள் தயங்காமல் எழுதுவார்கள்: ஆக்கிரமிப்பு, கழிவுநீர், குப்பை, விவசாயம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால், நம் பகுதியில் அந்த விடையை எழுதுகிற பிள்ளைகள் யார்? தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம். சுற்றுவட்டாரத்தில் ஏரிப் பாசன நிலத்தை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மறுபக்கம். அந்த இரண்டாவது பிள்ளை ‘விவசாயம்’ என்று எழுதும்போது தன் அப்பாவின் பெயரைக் குற்றவாளிப் பட்டியலில் எழுதுகிறது. கொஞ்சம் துணிச்சலான பிள்ளையாக இருந்தால் எழுந்து கேட்கும்: “சார், எங்க அப்பா ஏரியில வண்டல் மண்ணு அடிச்சாரு. அது தப்பா சார்?”

இந்தக் கேள்விக்கு நம்மிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும். ‘தப்புதான்’ என்றால் அந்தப் பிள்ளைக்குச் சுற்றுச்சூழல் பாடமே பகையாகிவிடும். ‘தப்பே இல்லை’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் ஏரிக்குத் துரோகம். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஈரநிலம் ஏன் முக்கியம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஈரநிலங்களில் மிகவும் நுட்பமானது பீட் நிலம். செடிகொடிகள் தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல் அரைகுறையாக மக்கி, அடுக்கடுக்காகப் படிந்து உண்டாகிற கருமண் அது. உலகின் நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடுதான் இருக்கும். ஆனால் உலகத்துக் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாவற்றிலும் இருப்பதைவிட அதிகமான கார்பன் அந்த மண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. நம் மாநிலத்திலும் உண்டு. நீலகிரியில் சோலைக்காடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்குகளில் இந்த மண்ணைப் பார்க்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த மண்ணை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்புவரையிலான தட்பவெப்ப வரலாற்றை அதிலிருந்து படித்து, 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதே பள்ளத்தாக்குகள்தான் கேரட், உருளைக்கிழங்கு பயிரிடவும் ஏற்ற இடம். கருமண், பக்கத்திலேயே தண்ணீர். வடிகால் வெட்டினால் போதும், பயிர் வந்துவிடும்.

வடிகால் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் இரும்புத் தூண் சாட்சியாக நிற்கிறது. ஹோம் ஃபென் என்ற இடத்தில், 1850-களின் தொடக்கத்தில், ஏரியை வடித்து விளைநிலமாக்கியபோது ஒரு தூணை அதன் தலை தரைமட்டத்துக்கு வரும்வரை மண்ணில் இறக்கினார்கள். இன்று அந்தத் தூண் ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே தெரிகிறது. தூண் வளரவில்லை. நீர் வடிந்ததும் கருமண் காய்ந்து, காற்றோடு சேர்ந்து சிதைந்து, தரை கீழே போய்விட்டது. அந்த மண்ணை நம்பி உழுதவருக்கும் அது இழப்புதான்.

இந்தோனேசியாவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1990-களின் நடுவில் மத்தியக் கலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் நிலத்தை நெல்வயலாக்கும் திட்டத்தை அரசே அறிவித்து, பீட் காடுகளில் கால்வாய்களை வெட்டியது. அந்த மண்ணில் நெல் சரியாக விளையவில்லை. 1997-இல் வறட்சி வந்தபோது காய்ந்த மண்ணே தீப்பிடித்து எரிந்தது. புகை அண்டை நாடுகள் வரை பரவியது. அங்கே குடியேற்றப்பட்ட உழவர்கள் அந்தத் திட்டத்தைத் தீட்டியவர்கள் அல்லர். ஆனால் நட்டம் அவர்கள் தலையில்தான் விழுந்தது. ஆகவே, ‘உழவர் நிலத்தைக் கெடுத்தார்’ என்று எழுதுவதற்கு முன்னால், ‘முடிவு எடுத்தது யார்?’ என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பீட் நிலம் இல்லை, ஏரிகள் இருக்கின்றன. நம் ஈரநிலம் என்பது பெரும்பாலும் உழவருக்காக மனிதர் வெட்டிய ஈரநிலம். கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. உழவரை வெளியே நிறுத்திவிட்டு ஏரியைப் பாதுகாப்பது நடக்காத காரியம்.

இதற்கு மிகச் சிறந்த சான்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: வேடந்தாங்கல். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். நவம்பர் முதல் மார்ச் வரை நத்தை குத்தி நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் வக்காவும் கூழைக்கடாவும் நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் கலக்கிறது, அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிறது, உரச்செலவு குறைகிறது. ஊர் மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டு, இனி யாரும் சுடக்கூடாது என்று எழுத்துமூல உத்தரவு வாங்கினார்கள். அந்தக் கவுல் கிடைத்த ஆண்டு 1798. பிறகு 1858-இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். பறவைகள் சரணாலயம் என்ற அரசு அங்கீகாரம் 1936-இல் வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல்தான் வந்தது. சட்டம் வருவதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்பே உழவர்கள் பாதுகாப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காத வழக்கம் அந்த ஊரில் இன்றும் உண்டு.

இந்த இடத்தோடு கதையை முடித்துவிட்டால் அது அழகான பாடமாக இருக்கும். முழுமையான பாடமாக இருக்காது. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதி 1998-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. பறவை கூடு கட்டுவது அந்த ஓர் ஏரியில் என்றாலும், இரை தேடுவது சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும். வயலில் அடிக்கிற பூச்சிமருந்து குஞ்சின் வயிற்றுக்குள் போய்ச் சேரும். ஆனால் அந்த வட்டத்துக்குள் ஊர்கள் இருக்கின்றன, பட்டா நிலங்கள் இருக்கின்றன. கிணறு வெட்டுவது, வீடு கட்டுவது, நிலத்தை விற்பது என்று எதுவானாலும் ‘இது சரணாலய எல்லையாயிற்றே’ என்ற சந்தேகம் அங்குள்ளவருக்கு எழுவது இயற்கை. 2020-இல் அந்த எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு வந்தது. கடுமையான எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எல்லை தளர்ந்தால் பயன் உழவருக்கா, தொழிற்சாலைகளுக்கா என்பதுதான் அன்று எழுந்த முக்கியமான கேள்வி. வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

கணித ஆசிரியர்கள் இங்கே ஒரு கணக்குப் போடலாம். 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 78.5 சதுர கிலோமீட்டர். 3 கிலோமீட்டர் ஆரம் என்றால் சுமார் 28.3. ஆரத்தில் 2 கிலோமீட்டரைக் குறைத்தால் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. ‘இரண்டு கிலோமீட்டர்தானே’ என்று செய்தியைப் படிக்கிற ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு, வட்டத்தின் பரப்பு வாய்பாடு எதற்குப் பயன்படும் என்பது அன்றைக்குப் புரிந்துவிடும்.

சட்டம் உழவரை மறந்துவிடவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, சரணாலயம் அமைக்கும்போது அந்த நிலத்தில் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும். அறிவிப்பு வெளியிட்டு மக்களின் கோரிக்கைகளைப் பெற வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துகொண்டு, உரிமை தொடர அனுமதிக்கவும் அவரால் முடியும். ராம்சார் உடன்படிக்கையின் மையக் கருத்தும் ‘அறிவார்ந்த பயன்பாடு’ என்பதுதான். மனிதர் கால்வைக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளின் வரையறையில் நெல்வயல்களும் பாசனத்துக்காகவே வெட்டிய நீர்நிலைகளும் சேராது. அப்படியானால் நம் ஏரிகளில் பெரும்பாலானவற்றைக் காப்பது எது? 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கும் மேலாக, மதகு எப்போது திறக்க வேண்டும், கால்வாயில் எங்கே அடைப்பு என்று தெரிந்த ஆயக்கட்டுக்காரர் இருக்கிறார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சமூக அறிவியலில் நடத்துகிறோம். பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. குடவோலையோடு நிறுத்திவிடுகிறோம். குடவோலையில் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி போட்டியிட முடியாது என்ற விதி அதில் இருந்தது. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குழுவில் இடமில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏரியைப் பயன்படுத்துகிறவர்களே பொறுப்பேற்றுக் கணக்குக் கொடுப்பது என்ற ஏற்பாடு 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்தது. அதில் விடுபட்டவர்களையும் சேர்த்துக்கொள்வது நம் காலத்து வேலை.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று, ஏரியில் படிந்த வண்டலை உழவர் கட்டணமில்லாமல் எடுத்துச் செல்ல அரசு வழி செய்திருக்கிறது. 2024-இல் அந்த நடைமுறை மேலும் எளிதாக்கப்பட்டது. மண்பாண்டத் தொழிலாளர்களும் அப்படிக் களிமண் எடுக்கலாம். வண்டலை எடுத்தால் ஏரி ஆழமாகும், வயல் செழிக்கும். ‘உங்க அப்பா அனுமதி வாங்கி, சொன்ன ஆழத்துக்கு வண்டல் எடுத்திருந்தா, அவர் ஏரிக்கு நல்லதுதான் செய்திருக்கார்’ என்று அந்தப் பிள்ளைக்குத் தயங்காமல் சொல்லலாம். பொக்லைன் வைத்து அடிமண்ணையும் தோண்டி லாரி லாரியாக விற்பது வேறு. இரண்டும் ‘மண் எடுப்பது’தான். எவ்வளவு, யாருக்கு, யாருடைய சம்மதத்தோடு என்பதில்தான் வித்தியாசம்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்? நான்கு யோசனைகள்.

ஒன்று, தொடக்க வகுப்புகளுக்கு. ஒரு தட்டில் மணலும் இன்னொரு தட்டில் தென்னை நார்க்கழிவும் வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். எது பிடித்துவைக்கிறது, எது விட்டுவிடுகிறது என்று பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். பீட் நிலம் தண்ணீரைச் சேர்த்துவைப்பது அவர்களுக்கு விளங்கிவிடும்.

இரண்டு, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. தாத்தா, பாட்டியிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ஊர் ஏரி கடைசியாக எப்போது கலங்கல் போனது? தண்ணீர் பாய்ச்சியவர் யார்? அவருக்கு ஊர் என்ன கொடுத்தது? எந்தப் பறவை அப்போது வந்தது? எது இப்போது வரவில்லை? தறி வீட்டுப் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். சாயம் போட்ட தண்ணீர் எங்கே போனது என்ற கேள்வியும் இதில் சேரும்.

மூன்று, ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு. கிராம வரைபடத்தைக் காட்டுங்கள். நஞ்சை, புஞ்சை, ஏரிப் புறம்போக்கு எவை என்று வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லின் பொருள் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

நான்கு, ஒரு கிராமசபைக் கூட்டத்தை நடித்துக் காட்டுவது. கடைமடை உழவர், ஏரி நிரம்பினால் நிலம் மூழ்குகிற மேற்புறத்து உழவர், கூலிக்கு நடவு போகிற அம்மா, மீன் குத்தகைக்காரர், வன அலுவலர், இவர்களோடு பறவைக்காகப் பேச ஒருவர். உழவர் என்றால் ஒரே குரல் இல்லை என்பது இதில் தெரியவரும். குஞ்சு பறக்கும்வரை மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். அதே மாதங்களில் பயிருக்கும் தண்ணீர் வேண்டும். மதகை எப்போது, எவ்வளவு திறப்பது? பிள்ளைகள் பேசி ஒரு தீர்மானம் எழுதட்டும். அதில் இரண்டு கேள்விக்கு விடை கட்டாயம் இருக்க வேண்டும்: இதனால் இழப்பவர் யார்? அவருக்கு ஊரோ அரசோ என்ன ஈடு செய்யும்? இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால், பாதுகாப்பின் செலவு முழுவதையும் சின்ன உழவர் தலையில் கட்டிவிட்டுக் கைதட்டுகிற பாடமாகிவிடும்.

பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். வழக்கமாகச் சுவரொட்டி வரைவோம், உறுதிமொழி எடுப்போம். இந்த ஆண்டு அத்தோடு, பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ஏரியின் ஆயக்கட்டு உழவர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிள்ளைகள் அவரைக் கேள்வி கேட்கட்டும். அடுத்த தேர்வில் ‘ஈரநிலங்களைக் காப்பவர் யார்?’ என்றும் ஒரு வினா வையுங்கள்.