பெட்டிகளைக் கழற்றிவிடாத பாதை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இணையதளங்களைப் பராமரிப்பது என் வேலை. 'பக்கம் கிடைக்கவில்லை' என்று திரையில் வருகிறதே, அந்த வியாதிக்கு வைத்தியம் பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும். அதைப் பற்றித்தான் நாலு வார்த்தை.

நம்ம அரக்கோணம் ஜங்ஷனையே எடுத்துக்குங்க. சென்னையிலிருந்து வரும் வண்டி இங்கே ரேணிகுண்டா பக்கமும் திரும்பலாம், காட்பாடி பக்கமும் போகலாம். பாயிண்ட்டை மாற்றினால் பாதை மாறும். வெப் சர்வரிலும் இப்படி ஒரு பாயிண்ட் உண்டு. அப்பாச்சி சர்வரில் அதற்கு 'மாட் ரீரைட்' என்று பெயர். 1996-ல் ரால்ஃப் எங்கல்ஷால் எழுதியது. பழைய முகவரியைக் கேட்டு வருபவரைப் புதிய இடத்துக்கு அனுப்பிவைக்கும்.

முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருபவை ரயில் பெட்டிகள் மாதிரி. விண்ணப்ப எண், ஊர், வருடம் எல்லாம் அதில்தான் இருக்கும். ஆனால் ரீரைட் விதி கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பதை மட்டுமே பார்க்கும். பின்னால் இருப்பதைச் சோதிக்கத் தனியாக ஒரு நிபந்தனை வரி வேண்டும். புதிய முகவரியில் கேள்விக்குறி இல்லாவிட்டால் பெட்டிகள் தாமாகவே கூட வரும். அதில் நாமே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் பழைய பெட்டிகள் கழன்றுவிடும். எஞ்சின் மட்டும் போய்ச் சேரும்! 'கியூ.எஸ்.ஏ.' என்ற மூன்று எழுத்தைச் சேர்த்தால்தான் இரண்டும் ஒன்றாகப் போகும்.

தமிழுக்கு இன்னும் இரண்டு சிக்கல். 'அரக்கோணம்' என்ற பெயர் யூனிகோடில் 9 குறிகள். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகும். ஆக மொத்தம் 81 எழுத்து! திருப்பிவிடும்போது அந்தச் சதவீதக் குறியே மறுபடியும் '%25' ஆக மாறினால், இல்லாத ஊரைத் தேடிப் போகும் சர்வர். 'என்.இ.' என்ற குறி அதைத் தடுக்கும்.

அடுத்தது 'கோ'. அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு வேறு. தமிழ் விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள், தேடும் முன்பே இரண்டையும் ஒரே வடிவமாக்கிவிடுகிறது. மற்ற தளங்களும் இதைச் செய்யணும்.

பிழை வந்தால் ஊகிக்காதீர்கள். உள்ளே வந்த முகவரி என்ன என்று முதலில் லாகில் பாருங்கள். பிறகு ரீரைட்டின் டிரேஸைத் திறந்தால், எந்த விதி எப்படி மாற்றியது என்று வரிவரியாகச் சொல்லும். சோதனை முடியும்வரை 302 போதும். 301 கொடுத்தால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு நம்மைக் குழப்பும்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். கடைசித் தேதியன்று ஒரு கிராமத்து அம்மா, பிரவுசிங் சென்டரில் மகளின் விண்ணப்பத்தைத் தேடுகிறார் என்று வையுங்கள். 'பக்கம் இல்லை' என்று வந்தால், அது சர்வர் விதியின் கோளாறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? விண்ணப்பமே போய்ச் சேரவில்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவார்.

ஆகவே, பல அலுவலகங்களில் பொறுப்பில் இருக்கும் நண்பர்களே, தளத்தை மாற்றும்போது பழைய முகவரிகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அதில் ஒரு தமிழ்ப் பெயராவது இருக்கட்டும்.