முற்றத்து விருந்தாளிகள்

உண்ணும் முன் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பது நம் வீடுகளில் பலருக்குப் பழக்கம். அந்தப் பிடியில் என்ன இருக்க வேண்டும் என்பதே இன்றைய தகவல்.

முதலில் உப்பைப் பார்ப்போம். மன்னார்க் கரையில் பறக்கும் கடற்புறாவுக்குக் கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி உண்டு. உடம்பில் மிஞ்சும் உப்பை அது பிரித்தெடுக்க, மூக்குத் துவாரம் வழியே உப்புநீர் சொட்டும். முற்றத்துக்கு வரும் சிட்டுக்குருவிக்கும் புலுனிக்கும் அந்த வசதி இல்லை. அதனால் கருவாடு, ஊறுகாய், உப்பும் உறைப்புமான கறிச்சோறு அவற்றுக்கு வேண்டாம். பூஞ்சணம் பிடித்த பாண், சொக்லேட், வெங்காயம், பொரித்த எண்ணெய்ப் பண்டமும் ஆகாது.

உப்பில்லாத வெறுஞ்சோறு, குறுணல் அரிசி, அவித்த முட்டைத் துண்டு, கனிந்த பப்பாசி, வாழைப்பழம் ஆகியவற்றைத் தயங்காமல் வைக்கலாம். பாதி வெட்டிய பப்பாசியை மதிலில் வைத்துப் பாருங்கள். கொண்டைக்குருவி விதையை ஒதுக்கிச் சதையைக் கொத்தும் அழகே தனி!

கொஞ்சமாக வையுங்கள், மிச்சத்தை மாலையில் அள்ளிவிடுங்கள், இல்லையேல் எலி வரும். பொலித்தீன் பையோடு எறியாதீர்கள். நம் மன்னார்த் தெருக் கழுதைகள் பையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

2010இல் உலக முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் பூநாரைகளுக்கோ நம் சோறு தேவையில்லை. சேறும் அமைதியும் போதும்.

இந்த வெயிலுக்கு, சோற்றைவிடப் பெரிய தானம் ஒரு சிரட்டை நல்ல தண்ணீர். இன்றே வையுங்கள்.