அடுப்புப் புகையும் வாய் வெத்திலையும்

(பிள்ளை மடுவத்தில் நடந்த மாதர் கூட்டத்தில் தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)

கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு நேரா வந்திருக்கிறீங்க. அதனால அதிக நேரம் பேச மாட்டேன்.

காய்ச்சல் வந்தா டிஸ்பென்சரிக்கு வருகிறோம். அட்டை கடிச்ச இடம் புண்ணானா வருகிறோம். ஆனால் இருபது வருஷமாகக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே போய்ச் சேருகிற ஒன்றுக்காக யாரும் வருகிறதில்லை. நோவு இல்லையே, என்னத்துக்கு வர்றது? நோவு தெரிகிற நேரத்தில் பாதி காரியம் கைமீறிப் போயிருக்கும். அப்படிப்பட்ட நோய்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

முதல்ல அடுப்பு. விடியுமுன்னே எழும்புறீங்க. குளிருக்குக் கதவைச் சாத்திக்கிட்டு, ராத்திரி மழையில நனைஞ்ச கவ்வாத்து மிலாறை அடுப்பில வச்சு ஊதுறீங்க. ரொட்டி சுட்டு, தேத்தண்ணி வச்சு, பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்குப் போகும்வரை அந்தப் புகைக்குள்ளதான். பின்னேரம் வந்து திரும்பவும் அதே புகை. இடுப்பில் கைப்பிள்ளை இருந்தால் அதுவும் சேர்ந்து குடிக்கிறது. கூரைத் தகரம் கறுத்துப் போயிருக்கிறதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கரி தகரத்தோட நிற்கிறதில்லை. கண்ணுக்குத் தெரியாத தூளாக மூச்சுக் குழாய்க்குள் இறங்குகிறது, அதிலும் சின்னத் தூள் இரத்தத்திலேயே கலந்து விடுகிறது.

நான் பார்த்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். வயது 52. சுருட்டு, பீடி ஒன்றும் கையால தொட்டதில்லை. மேட்டு லயத்துக்கு ஏறிப்போக நாலு இடத்தில் உட்காருவா. “பனிக்கு வந்த இழுப்பு ஐயா, வெயில் வந்தா போயிரும்” என்று மூணு வருஷம் சொன்னா. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஊதச் சொல்லிப் பார்த்தபோது, வாழ்நாளெல்லாம் புகை பிடித்த ஆம்பிளைகளுக்கு வருகிற அதே நெஞ்சு நோய். சுருங்கிப்போன மூச்சுக் குழாய் பழையபடி வராது. மருந்து இருக்கிறது, அது மூச்சைக் கொஞ்சம் இலேசாக்கும், அவ்வளவுதான்.

வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 இலட்சம் பேர் செத்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. நெஞ்சு நோய் மட்டுமல்ல. மாரடைப்பு, பாரிசவாதம், கண்ணில் விழுகிற வெண்படலம், சின்னப் பிள்ளைகளுக்கு நியூமோனியா, எல்லாவற்றிலும் இந்தப் புகைக்குப் பங்கு உண்டு.

புகைக் கூண்டு இல்லாத லயத்தைக் கட்டினது நீங்க இல்லை. அதனால் குற்றத்தை உங்க தலையில் போட நான் வரவில்லை. அடுப்பங்கரையும் புகைக் கூண்டும் கேட்டு வாங்க வேண்டிய விஷயம். மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் சம்பளத்தோடு சேர்த்து அதையும் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அது வரும்வரை நம்ம கையில் இருக்கிறதைச் செய்வோம். மிலாறை வெட்டின உடனே எரிக்காமல் கூரைக்குக் கீழே அடுக்கிக் காய வையுங்க. காய்ந்த விறகு பாதிப் புகைதான் விடும். குளிர்ந்தாலும் பரவாயில்லை, சமைக்கிற நேரம் கதவு திறந்திருக்கட்டும். இரண்டு சட்டி வைக்கிற ‘அனகி’ மண் அடுப்பு விறகையும் மிச்சம் பிடிக்கும். கைப்பிள்ளையை இஸ்தோப்பில் பாட்டியிடம் கொடுங்க.

அடுத்தது சாப்பாடு. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணியும் நாமாகத் தேடிப் பிடிச்ச சாப்பாடு இல்லை. அரிசி கிடைக்காத காலத்தில் மாவைக் கொடுத்துப் பழக்கி விட்டார்கள், அது நாக்கோட ஒட்டிக்கிட்டது. முழுசா விடச் சொன்னா வீட்டில் சண்டைதான் வரும். மாவோடு கொஞ்சம் குரக்கன் மா கலந்து பிசையுங்க. லயத்துக்குப் பின்னால் வல்லாரை, பொன்னாங்காணி வைக்க இடம் இல்லாத வீடு குறைவு.

சாயத் தண்ணியில் ஒரு சங்கதி இருக்கிறது. நாம் பறிக்கிற கொழுந்தில் உள்ள சாயச் சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ரொட்டியைக் கடிச்சுக் கடிச்சுத் தேத்தண்ணி குடிச்சா, சாப்பிட்ட கீரைக்குப் பலன் பாதிதான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்க. சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்தால் இரும்புச் சத்து நல்லாச் சேரும். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் ஆறு கோப்பைக்குப் பன்னிரண்டு கரண்டி. ஒரு ஆளுக்கு நாளைக்கு ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது. உப்பு எல்லாம் சேர்ந்து ஒரு தேக்கரண்டி, கருவாட்டில் இருக்கிறதும் அந்தக் கணக்கில்தான். பிரஷருக்கு அறிகுறி கிடையாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். (கர்ப்பிணித் தாய்க்குக் கொடுக்கிற திரிபோஷாவை வீட்டுக்காரர் தேங்காய்ப் பூ போட்டுச் சாப்பிடுகிறார் என்று கேள்வி. அவருக்குப் பிள்ளை எப்போ பிறக்கும் என்று நான் கேட்டதாகச் சொல்லுங்க!)

மருந்தடிக்கிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. பரகுவாட் என்ற புல்லு மருந்து இந்த நாட்டில் தடை செய்யப்பட்டு விட்டது. அதற்காக மிச்ச மருந்தெல்லாம் வெறும் தண்ணி என்று நினைக்க வேண்டாம். தோல் வழியாகவும் உள்ளே போகும். மருந்தடிச்ச உடுப்பைப் பிள்ளைத் துணியோடு ஊறப்போட வேண்டாம். வெறும் மருந்துக் கேனைக் கழுவித் தண்ணி பிடிக்கிற வழக்கம் எந்த லயத்தில் இருந்தாலும் இன்றோடு நிற்கட்டும். அந்தக் கையால் வெத்திலை மடிக்கவும் வேண்டாம்.

வெத்திலை என்றதும் சில பேர் வாயை மூடிக்கிறீங்க. மலையில குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை என்று எனக்குத் தெரியும். நம்ம நாட்டு ஆம்பிளைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் முதல் இடம் வாய்ப் புற்றுநோய்க்கு. மெல்லுகிற பெண்களையும் அது விடுவதில்லை. “நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று சொல்கிறவங்க இருக்கிறீங்க. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று தெளிவாகச் சொல்லி விட்டது. ராத்திரி கொடுப்பில் அடக்கிக்கிட்டுத் தூங்குகிறது எல்லாவற்றிலும் மோசம். விடிய விடிய ஒரே இடத்தை அது அரித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சின்னப் பரீட்சை. மூணு விரலை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி முன் பல்லுக்கு நடுவில் வையுங்க. கொள்ளவில்லையென்றால் கன்னம் உள்ளே இறுகத் தொடங்கியிருக்கலாம். உறைப்புப் பட்டதும் வாய் எரிகிறதும் அதன் அடையாளம். வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தழும்பு, இரண்டு மூணு கிழமையாகியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் நோவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் இந்த நோய்க்கு நோவே கிடையாது. அந்த நேரம் பிடித்தால் பெரும்பாலும் சுகப்படுத்தலாம். பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு இங்கிருந்து துண்டு எழுதித் தருகிறோம்.

போன வருஷம் ஒரு தாத்தா, புண் வந்து எட்டு மாசம் கழித்து வந்தார். ஏன் முந்தி வரவில்லை என்றேன். “ஒரு நாள் பேர் போயிருமே ஐயா” என்றார். அந்த ஒரு நாள் சம்பளத்தின் பெறுமதி எனக்கும் தெரியும். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், பேர் போகாத நாளில், இதே மடுவத்தில் டோர்ச் லைட்டோடு உட்கார்ந்திருப்பேன். மருத்துவச்சி அம்மாவும் இருப்பா, பிரஷரும் பார்ப்போம். வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க. வாயைக் கொப்பளிச்சிட்டு வந்தா எனக்குப் புண்ணியம்.